அபராதம் விழுந்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: நானும் என் தோழியும் ஐந்து ஆண்டுகளாக ஒரு சந்தா செயலி நடத்துகிறோம். ஆப் ஸ்டோரை வைத்திருக்கும் பெரிய நிறுவனம், தன் பில்லிங் முறையை மட்டுமே பயன்படுத்தச் சொல்லி ஒவ்வொரு சந்தாவிலும் கமிஷன் பிடிக்கிறது. இரண்டரை ஆண்டுக்கு முன் எங்களுடையதைப் போலவே ஒரு செயலியை அவர்களே வெளியிட்டார்கள். அதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாமா, போட்டி ஆணையத்துக்குப் போவதா? அபராதம் விழுந்தால் எங்களுக்கு எவ்வளவு வரும்?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அபராதத்தில் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது. அது முழுவதும் இந்தியாவின் தொகுப்பு நிதிக்கு, அதாவது மத்திய அரசின் கஜானாவுக்குப் போகும். இது தெரியாமல் மனுப் போட்டுவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

சிவில் கோர்ட் வழி ஏறக்குறைய அடைபட்டதுதான். சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதை விசாரிக்கும் போட்டி ஆணையம் தீர்க்க வேண்டிய விஷயத்தில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்கிறது போட்டிச் சட்டம் 2002-இன் 61-ஆம் பிரிவு. கூகுளின் பில்லிங் கொள்கையை எதிர்த்துச் சில இந்திய நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுப் பார்த்தன. 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி அவற்றின் வழக்கு மனுக்களை நிராகரித்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிசெய்தது. பெரிய வக்கீல்களை வைத்துப் போனவர்களுக்கே அந்த நிலை.

ஆகவே ஆணையம்தான். பாதிக்கப்பட்டவர்தான் போக வேண்டும் என்றுகூட இல்லை, 19-ஆம் பிரிவின்படி யாரும் தகவல் மனு தரலாம். கூகுள் மீதான ஆண்ட்ராய்டு விவகாரத்தில் மனுக் கொடுத்தவர்கள் மூன்று தனிநபர்கள். 2019 ஏப்ரலில் விசாரணைக்கு உத்தரவானது, 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் வந்தது. அதே மாதம் பிளே ஸ்டோர் பில்லிங்குக்காக இன்னொரு 936.44 கோடி. அதில் ஆணையம் சுட்டிக்காட்டியவற்றுள் ஒன்று, கூகுள் தன் யூடியூபுக்கு அந்தப் பில்லிங்கைக் கட்டாயமாக்கவில்லை என்பது. உங்கள் கதையும் அதுதானே? அந்தப் பில்லிங் அபராதம் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் 216.69 கோடியாகக் குறைந்தது, விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. நீங்கள் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். மைக்ரோசாஃப்ட் மீது அரசு 1998-இல் வழக்குப் போட்டது, மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது 2001-இல். அதற்குள் அதன் போட்டியாளரான நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி நிறுவனம் கைமாறிவிட்டது.

அதனால் மனுவோடு 33-ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவும் கேளுங்கள். எளிதில் கிடைக்காது, ஆனாலும் கேட்காமல் விடாதீர்கள். நஷ்டஈடு தனி வழி. சட்டமீறல் நடந்தது என்று ஆணையமோ தீர்ப்பாயமோ சொன்ன பிறகு, தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் 53என் பிரிவின்படி விண்ணப்பிக்க வேண்டும்.

அப்புறம், நிறுவனம் பெரிதாக இருப்பது குற்றமல்ல. அந்த ஆதிக்கத்தை வைத்து நியாயமற்ற, பாரபட்சமான நிபந்தனை விதிப்பதுதான் 4-ஆம் பிரிவில் குற்றம். மனுவின் முதல் பக்கத்திலேயே இந்தப் பாரபட்சத்தை எழுதுங்கள். கமிஷன் அதிகம் என்ற புலம்பல் பின்னால் வரட்டும்.

ஸ்டோரிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், உங்கள் பெயரை ரகசியமாக வைக்கும்படி ஆணையத்திடம் கேட்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் விவரங்களை வைத்தே அவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடக்கூடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

உண்மையான அவசரம் ஒன்று இருக்கிறது. 2023 திருத்தத்துக்குப் பின், வழக்குக்கான காரணம் எழுந்து மூன்று ஆண்டுக்குள் மனு வர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம், அதை நம்பி இருக்காதீர்கள். போட்டிச் செயலி வந்த நாளிலிருந்து எண்ணினால் உங்களுக்கு ஆறு மாதம்தான் மிச்சம். அதற்குள் நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைகளின் பிரதி, கொள்கை மாறியபோது வந்த மின்னஞ்சல்கள், அந்தச் செயலி வருவதற்கு முன்னும் பின்னுமான மாதாந்திர சந்தாக் கணக்கு ஆகியவற்றைத் தேதியோடு எடுத்துவையுங்கள். கணக்கு இல்லாமல் 53என் விண்ணப்பம் நிற்காது.