படிவத்தில் 'நிபுணர்' என்று எழுதாதீர்கள்

கேள்வி: நானும் என் கணவரும் சில குளிர்காலங்களாக லிஃப்ட் வசதி உள்ள பனிச்சறுக்கு மையங்களுக்குப் போய் வருகிறோம். அவர் ஸ்கீ (காலுக்கு ஒன்றாக இரண்டு பலகைகள்), நான் ஸ்னோபோர்டு (இரு காலுக்கும் ஒரே பலகை). இந்த முறை லிஃப்ட் இல்லாத மலையில், வழிகாட்டியுடன் ஓர் அறிமுகப் பயணம் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு எனக்கு, ஏறுவதற்காக இரண்டாகப் பிரியும் ஸ்பிளிட்போர்டு வேண்டும் என்கிறார்கள். நான் அதைத் தொட்டதுகூட இல்லை. மேலே ஏறும்போது எல்லோரையும் காக்க வைத்துவிடுவேனோ என்பதுதான் என் பெரிய கவலை. கணவரோ, "ஏற்கெனவே ஆட்கள் போன தடம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போனால் போதாதா, வழிகாட்டிக்கு எதற்குப் பணம்?" என்கிறார். அப்படியே போனாலும், பதிவுப் படிவத்தில் இருவருக்கும் 'நிபுணர்' என்று நிரப்பச் சொல்கிறார். அப்போதுதான் நல்ல சரிவுகளுக்கு அழைத்துப் போவார்களாம். என்ன செய்யலாம்?

— ஒரு வாசகி

பதில்: முதலில் அந்தப் படிவத்தை முடித்துவிடுவோம். அப்படி நிரப்பாதீர்கள். அன்றைக்கு எந்த மலை, எவ்வளவு உயரம், யாரோடு யாரைச் சேர்ப்பது என்பதை வழிகாட்டி அந்தத் தாளை வைத்துத்தான் தீர்மானிக்கிறார். அதில் ஒரு பொய் இருந்தால் அவர் போடும் கணக்கு முழுவதும் பிசகிவிடும். இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த பாதையில் மிகக் கடினமானது என்று கறுப்புக் குறியிட்ட சரிவைக்கூட அநாயாசமாக இறங்குபவர், முழங்கால் ஆழப் பொடிப்பனியில் தடுமாறுவார். மேலே ஓடு கட்டி உள்ளே பொசுக்கென்று அமுங்கும் பனியில் இன்னும் மோசம். எனவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: சமன்செய்யாத பனியில், நடுத்தரச் சரிவில், நினைத்த இடத்தில் திரும்பவும் நினைத்த இடத்தில் நிற்கவும் முடிகிறதா? முடிகிறது என்றால் அறிமுகப் பயணத்துக்கு அது தாராளம். இறங்குவது பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. "பாதையில் நன்றாக இறங்குவேன், பாதைக்கு வெளியே தடுமாறுவேன்" என்று உள்ளதை எழுதுங்கள். பழைய முழங்கால் காயம், மூச்சிரைப்பு போன்றவை இருந்தால் அவற்றையும் எழுதுங்கள்.

இனி உங்கள் கணவரின் தடம். தடம் என்பது, ஒருவர் அங்கே போனார் என்பதற்கு மட்டுமே சாட்சி. எப்போது போனார், அப்போது பனி எப்படி இருந்தது, போனவருக்கு ஏதாவது தெரியுமா என்பதையெல்லாம் அது சொல்லாது. ஒவ்வொரு பனிப்பொழிவும், ஒவ்வொரு காற்றும், ஒவ்வொரு வெயிலும் மலைமீது ஓர் அடுக்கை விட்டுச் செல்கின்றன. சில அடுக்குகள் இறுகிப் பலகை போலாகும். சில சர்க்கரைத்தூள் மாதிரி ஒட்டாமல் கிடக்கும். இறுகிய பலகை, ஒட்டாத அடுக்கின்மேல் உட்கார்ந்திருக்கும்போது ஒரு மனிதரின் எடை போதும், சரிவு முழுவதும் விரிசல் ஓடிப் பெயர்ந்துவிட. முதலில் போன ஒன்பது பேரைத் தாங்கிய பலகை பத்தாவது ஆளுக்குத் தாங்காமல் போவது உண்டு. பலகை மெலிந்திருக்கும் இடத்தில் அந்தப் பத்தாவது ஆள் கால் வைத்திருப்பார். சரிவின்மேல் ஏறக்கூட வேண்டியதில்லை. அடிவாரத்துச் சமதளத்தில் நடந்துபோனவர்கள் மேலிருந்த பனியைப் பெயர்த்துத் தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டதும் நடந்திருக்கிறது.

பலகையாகப் பெயரும் இவ்வகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் நிகழ்கின்றன. 38 பாகையை ஒட்டிய சரிவுகளில்தான் மிக அதிகம். இறங்குவதற்கு ஆசையைத் தூண்டுபவையும் அதே சரிவுகள்தான். உயிர்ப்பலி வாங்கும் பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பதை, சிக்கியவரோ அவருடைய குழுவில் ஒருவரோதான் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இதைப் படித்ததும் பயம் வரும்; எனக்கு இதில் ஆறுதலும் இருக்கிறது. மலை தானாக நம்மேல் விழுவது அபூர்வம் என்றால், எங்கே போவது, எங்கே போகாமலிருப்பது என்ற தேர்வுக்கு மதிப்பு இருக்கிறது. வழிகாட்டிக்கு நீங்கள் பணம் கொடுப்பது அந்தத் தேர்வுக்காக. அவர் காலையில் பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையைப் படித்துவிட்டு வருவார். ஐந்து படிகள் கொண்ட அபாய அளவுகோல் அதில் இருக்கும். மூன்றாம் படியை 'நடுவில்தானே இருக்கிறது' என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று என்றால், மனிதர்கள் பனிச்சரிவைக் கிளப்பிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். மரணங்களில் பெரும்பங்கு இந்தப் படியில்தான் நிகழ்கிறது. நான்கிலும் ஐந்திலும் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள், மூன்றில் கிளம்பிவிடுகிறார்கள்.

ஆகவே வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கறாராக இருங்கள். சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பான ஐ.எஃப்.எம்.ஜி.ஏ.-வின் அங்கீகாரமோ, அந்த நாட்டின் ஸ்கீ வழிகாட்டித் தகுதியோ அவருக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். உண்மையான தகுதி உள்ளவர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பதும் முக்கியம். நான்கைந்து பேர் என்றால் நல்லது. பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு போகிறார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள். ஸ்பிளிட்போர்டு ஓட்டத் தெரிந்த வழிகாட்டியா என்று நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும். எல்லா ஸ்கீ வழிகாட்டிகளுக்கும் அந்தப் பலகையின் அவஸ்தைகள் தெரிவதில்லை.

அவஸ்தைகள் என்றேன், சொல்லிவிடுகிறேன். ஸ்பிளிட்போர்டு என்பது நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் ஸ்னோபோர்டு. அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள வொலே நிறுவனம் 1990களில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் உங்களைப் போன்றவர்கள் பலகையை முதுகில் கட்டிக்கொண்டு, பனிநடைச் சட்டங்களைக் காலில் மாட்டி ஏற வேண்டியிருந்தது. இப்போது ஏறும்போது இரண்டு பாதிகளும் இரண்டு ஸ்கீகளாகிவிடுகின்றன. அடியில் 'ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டுவார்கள். பூனையின் முதுகைப் போல ஒரு திசையில் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் தடவினால் பிடிக்கும். முன்னே தள்ளினால் சறுக்கும், எடை வைத்தால் பின்வாங்காது. ஒரு காலத்தில் சீல் தோலில் செய்தார்கள். இன்று நைலான் அல்லது அங்கோரா ஆட்டு முடி. காலைத் தூக்கி வைக்காதீர்கள், தரையோடு இழுத்துத் தள்ளுங்கள். முதல் அரை மணியில் எல்லோரும் தூக்கித்தான் வைப்பார்கள், அதனால்தான் களைத்துப்போவார்கள். ஒவ்வோர் அடியிலும் காலணியோடும், அதைப் பலகையில் பிணைக்கும் பைண்டிங்கோடும், பலகையோடும் சேர்த்துச் சில கிலோவைத் தூக்குவது சும்மாவா?

கஷ்டம் வருவது மூன்று இடங்களில். ஒன்று, வளைந்து ஏறும் தடத்தின் முனையில் ஒரு காலைத் தூக்கிச் சுழற்றித் திரும்பும் 'கிக் டர்ன்'. இதைச் சமதளத்தில் பழகிவிட்டு மேலே போங்கள். இன்னொன்று, கெட்டிப்பட்ட சரிவை ஏறும் தடம் குறுக்காகக் கடக்கும்போது அகலமான பாதிப்பலகையின் ஓரம் பிடிக்காமல் வழுக்கும். மென்மையான ஸ்னோபோர்டு காலணி அங்கே உங்களுக்கு உதவாது. பலகைக்கான கிராம்பான்களை (கெட்டிப் பனியைக் கவ்வும் உலோகப் பற்கள்) வாடகைக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக, உச்சியில் பலகையைச் சேர்ப்பது. ஸ்கின்னை உரித்து, மடித்து, கொக்கிகளை மாட்டி, பைண்டிங்கை நகர்த்தி, எல்லாம் குளிர்காற்றில், விறைத்த விரல்களோடு. கொக்கியில் பனி அடைத்துக்கொண்டால் சனியன் மாட்டவே மாட்டாது. மற்றவர்களை நீங்கள் காக்க வைக்கப் போவது இங்கேதான், ஏற்றத்தில் இல்லை. இதற்கு மருந்து எளிது. முந்தின நாள் மாலையே பலகையை வாங்கிவந்து, அறைக்குள் கையுறை போட்டுக்கொண்டு, பிரித்துச் சேர்த்து, பிரித்துச் சேர்த்து, பார்க்காமலே கை செய்யும் அளவுக்குப் பழகுங்கள். வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். இந்த விளையாட்டு பிடிக்குமா என்று தெரியும் முன் வாங்குவது வீண்.

உங்கள் கணவருக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அவருடைய ஸ்கீயும் இங்கே செல்லாது. மையத்து பைண்டிங்கில் குதிகால் எழும்பாது. ஏறும்போது குதிகால் எழும்பி, இறங்கும்போது பூட்டிக்கொள்ளும் பைண்டிங் வேண்டும். ஆஸ்திரியரான ஃப்ரிட்ஸ் பார்தெல் 1980களில் உருவாக்கிய, காலணி முனையை இரண்டு ஊசிகளால் கவ்வும் வகைதான் இன்று பரவலாக இருக்கிறது. அதற்குப் பொருந்தும் காலணியும் வேண்டும். ஆக அவரும் வாடகைக் கடை வரிசையில் உங்கள் பின்னால் நிற்கப் போகிறவர்தான். பழகாத கெட்டிக் காலணியில் குதிகால் கொப்பளித்து அவரே பின்தங்கினாலும் ஆச்சரியப்படாதீர்கள். கொப்புளத்துக்கு ஒரு விதி உண்டு: சுடுகிறது என்று தோன்றிய நொடியே வழிகாட்டியிடம் சொல்லி நிறுத்தி, பிளாஸ்திரி ஒட்டுங்கள். அரை மணி பொறுத்துச் சொன்னால் தோல் உரிந்திருக்கும், அன்றைய நாளும் முடிந்திருக்கும்.

ஏற்றம் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். நல்ல வழிகாட்டி, பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில்தான் அழைத்துப் போவார். மணிக்கு 300 மீட்டர் உயரம் என்பது சாதாரணக் கணக்கு, அறிமுகக் குழுவில் அதைவிடவும் குறையும். பேச முடியவில்லை என்றால் "கொஞ்சம் மெதுவாக" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்பவர்தான் இறங்கும்போது கால் நடுங்கி விழுவார். இன்னும் சில வாரங்கள் இருந்தால், முதுகில் எடையோடு மாடிப்படி ஏறுங்கள். தனியாக உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. கிளம்பும்போது சற்றே குளிரும்படி உடுத்துங்கள். கதகதப்பாகக் கிளம்பியவர் பத்தாவது நிமிடத்தில் நின்று கழற்றுவார், இல்லாவிட்டால் வியர்வையில் நனைந்து உச்சியில் உறைவார். கனத்த ஜாக்கெட் பையில் இருக்கட்டும். கையுறை இரண்டு ஜோடி. உரித்த ஸ்கின்னின் பசைப்பக்கத்தில் பனி ஒட்டவிடாமல் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வாகன நிறுத்தத்தில் பனியில் புதைந்தவரைத் தேடி எடுக்க, உங்கள் கையில் டிரான்ஸீவர் (சமிக்ஞையை அனுப்பவும் பெறவும் செய்யும் கருவி), மடக்குத் துழாவுகோல், உலோக மண்வாரி மூன்றையும் தருவார்கள். அவை கட்டணத்தில் அடங்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். டிரான்ஸீவர்கள் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குவதால் எந்த நிறுவனத்துக் கருவியும் மற்றதைக் கண்டுபிடிக்கும். கைபேசியை அதிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டரும், தேடும்போது 50 சென்டிமீட்டரும் தள்ளி வையுங்கள். மின்குறுக்கீட்டால் கருவி ஏமாந்துவிடும். பிறகு வழிகாட்டி ஒரு கருவியைப் பனியில் ஒளித்துவைத்துத் தேடச் சொல்வார். பலர் இதை விளையாட்டாக முடித்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் அப்படி நிற்காதீர்கள், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். முழுவதுமாகப் புதைந்தவர்களைப் பற்றி 2024-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வின்படி, முதல் 10 நிமிடத்துக்குள் மீட்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். 30 நிமிடத்தை எட்டும்போது மூன்றில் ஒருவர்கூட இல்லை. வெளியிலிருந்து மீட்புக்குழு அதற்குள் வந்து சேராது. புதைந்தது வழிகாட்டியாக இருந்தால், தோண்டப் போவது நீங்களும் உங்கள் கணவரும்தான்.

ஏறும்போது வழிகாட்டியைக் கேள்வி கேட்டுத் துளையுங்கள். ஏன் அந்த நேர்ச்சரிவை விட்டு மரங்களுக்கிடையே சுற்றிப் போகிறோம்? ஏன் இங்கே இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கடக்கச் சொன்னீர்கள்? காலடியில் 'வும்ப்' என்று ஏதோ உட்கார்ந்த ஓசை கேட்டதே, அது என்ன? (அந்த ஓசை, வலுவற்ற அடுக்கு உங்கள் எடையில் நொறுங்கும் ஓசை. அதைக் கேட்டால் செங்குத்தான பக்கம் போகவே கூடாது.) இறங்கும்போது அவர் நிற்கச் சொன்ன இடத்தில், அவர் சொன்ன வரிசையில் நில்லுங்கள், அவருக்குக் கீழே தாண்டிப் போகாதீர்கள். உச்சிக்கு நூறு மீட்டர் இருக்கும்போது "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று அவர் திரும்பினால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம். அவர் ஏன் திரும்பினார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், உச்சியைத் தொட்ட நாளைவிட அன்று அதிகம் கற்றிருப்பீர்கள்.

பயணம் முடிந்த அன்று மாலையே உங்கள் கணவர், "இவ்வளவுதானா, அடுத்த வாரம் நாமே போகலாம்" என்பார் என்று நினைக்கிறேன். போகக் கூடாது. அறிமுகப் பயணம் வேறு, பனிச்சரிவுப் பயிற்சி வேறு. கனடாவில் முதல்நிலைப் பயிற்சி இரண்டு நாள், அமெரிக்காவில் மூன்று நாள். பனிமலை உள்ள மற்ற நாடுகளிலும் இதுபோன்ற வகுப்புகள் உண்டு. அதன் பிறகும் முதல் சில பயணங்களுக்கு, உங்களைவிட அனுபவம் உள்ளவர்களோடு, 30 பாகைக்கும் குறைவான சரிவுகளுக்கே போங்கள். வகுப்புக்கு இருவரும் சேர்ந்தே பெயர் கொடுங்கள். ஒருவர் மட்டும் படித்தால் போதும் என்று செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். புதைபவர் அந்தப் படித்தவராகவே இருந்துவிடலாம்.