வன உரிமைப் பட்டாவுக்கு ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: தாளவாடி மலையில் அப்பா காலத்திலிருந்து இரண்டு ஏக்கரில் ராகி போடுகிறோம். நாங்கள் ஊராளிப் பழங்குடியினர். வன உரிமைக்கு மனு கொடுத்து மூன்று வருடமாகிறது. ஆபீசில், "ரிக்கார்டு இல்லை, தள்ளுபடி" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கூட வேண்டாம். படிவமே இலவசம். இந்த ஏஜென்டுகள் அடுத்து என்ன சொல்வார்கள் தெரியுமா? "பட்டா வந்ததும் நல்ல விலைக்கு விற்றுத் தருகிறேன்." காட்டு நிலத்தில் காலங்காலமாக வாழ்பவர்களுக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டத்தில் கிடைக்கும் நிலத்தை விற்க முடியாது. கணவன், மனைவி இருவர் பேரிலும் வரும், பிள்ளைகளுக்குப் போகும். அவ்வளவுதான். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

உங்கள் மனு தொடங்குகிற இடம் ஆபீஸ் அல்ல, கிராம சபை. அங்குள்ள வன உரிமைக் குழு நிலத்தை நேரில் பார்த்து, சபை தீர்மானம் போட்டு மேலே அனுப்ப வேண்டும். தீர்மான நகல் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

13.12.2005க்கு முன்பே நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். காகிதம் இல்லையென்றால் கதை முடியவில்லை. பழைய கிணறு, கல்வரப்பு, மூதாதையர் சமாதி எல்லாம் சான்றுதான். பெரியவர்களின் வாக்குமூலத்தையும் எழுதி வைக்கலாம். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உரிமை கேட்பவரே சாட்சியாக முடியாது. உங்கள் அப்பா பேரில் மனு என்றால், அவர் எண்பது வயதுக்காரராக இருந்தாலும் அவர் சொல்வது இந்தச் சான்றாகாது. பக்கத்து வீட்டுத் தாத்தாவும் தன் நிலத்துக்கு மனு போட்டிருந்தால், "அவரும் மனுதாரர்தானே" என்று கிளப்புவார்கள். மனுவே போடாத, அடுத்த ஊர்ப் பெரியவர் கிடைத்தால் வம்பில்லை. இப்படி ஒரு சான்று மட்டும் போதாது, குறைந்தது இரண்டு வகை வையுங்கள்.

சரி, அந்த வாய்வழித் தள்ளுபடி? அதற்கு மதிப்பே இல்லை. காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவால் வருடக்கணக்கில் பட்டா கொடுப்பதே நின்றிருந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. அதன் பிறகும் மலையிலிருந்து இறங்கி வருபவரை இப்படித்தான் அலைய விடுகிறார்கள்.

வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) தலைமையிலான குழுவிடம் எழுத்துப்பூர்வ உத்தரவு கேட்டு மனு கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். விசாரணை முடியும்வரை உங்களை அந்த நிலத்திலிருந்து யாரும் வெளியேற்றக் கூடாது. ஃபாரஸ்டர் மிரட்டினால் அதையும் எழுதிக் கேளுங்கள்.