யு.எஸ்.பி வேலையைத் தனிச் சிப்பிடம் விடுங்கள்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். நிரலை ஓட்டும் சிறு சிப்பான ஏடிமெகா328பி மைக்ரோகொன்ட்ரோலரையும் டிஎஸ்18பி20 உணரியையும் கொண்டு கடல்நீரின் வெப்பநிலையை அளக்கும் கருவி செய்திருக்கிறார். அளவீடுகளை யு.எஸ்.பி வழியாக மடிக்கணினிக்கு அனுப்ப வேண்டும். சில தடையிகளும் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டு சீனர் இருவாயிகளும் (டயோடுகளும்) போதும், மீதியை மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்கிறாராம் நண்பர். அப்படிச் செய்யலாமா என்பது கேள்வி.

உங்கள் கருவியில் வேண்டாம். நண்பர் சொன்ன முறைக்கு வி-யு.எஸ்.பி என்று பெயர், யு.எஸ்.பி வேலையை மென்பொருளே செய்யும் அந்த முறை நன்றாக வேலை செய்யக்கூடியதுதான், யு.எஸ்.பி வசதியே இல்லாத சிப்பை வினாடிக்கு 15 இலட்சம் பிட் வேகத்தில் பேச வைப்பது அருமையான வேலை. சிக்கல் உங்கள் உணரியில் இருக்கிறது. டிஎஸ்18பி20 அனுப்பும் ஒவ்வொரு பிட்டையும் 15 மைக்ரோவினாடிக்குள் படித்தாக வேண்டும். இப்படி நேரம் தவறாமல் உணரியோடு பேசுவதற்காக, அதன் நிரல் சில இடங்களில் குறுக்கீடுகளை (சிப்பின் கவனத்தை உடனே கோரும் மற்ற அழைப்புகளை) அறுபது மைக்ரோவினாடிக்கு மேல் நிறுத்தி வைக்கும். வி-யு.எஸ்.பியோ இரண்டு மைக்ரோவினாடித் தாமதத்தைக்கூடப் பொறுக்காது. ஒரே சிப்பில் இரண்டையும் ஓட்டினால் கணினி இடையிடையே கருவியைக் கைவிட்டுவிடும். பிழை எங்கே என்று தேடியே உங்கள் விடுமுறை போய்விடும்.

யு.எஸ்.பியைத் தொடர் தொடர்பாக (serial) மாற்றித் தரும் சிஎச்340 அல்லது எஃப்டி232ஆர்எல் சிப் பொருத்திய சிறிய மாற்றிப் பலகை ஒன்றை வாங்குங்கள். அதன் டிஎக்ஸ் (அனுப்பும்) முனை உங்கள் சிப்பின் ஆர்எக்ஸுக்கும் (பெறும் முனைக்கும்), ஆர்எக்ஸ் முனை டிஎக்ஸுக்கும் போக வேண்டும். தரைமுனைகள் இரண்டும் இணைய வேண்டும். வேகம் வினாடிக்கு 9600 பிட் போதும். சிப்பின் நேரத்தை அளக்கும் உள் அலையாக்கியை நம்பாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதில் 10 சதவீதம் வரை பிழை இருக்கலாம். தொடர் தொடர்புக்கு ஏறத்தாழ 2 சதவீதம்தான் தாங்கும். திரையில் புரியாத எழுத்துகள் கொட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதற்குப் பதிலாக, துல்லியமாக நேரம் காட்டும் 16 மெகாஹெர்ட்ஸ் பளிங்கு (crystal) ஒன்றைப் பொருத்திவிடுங்கள்.

மின்வழங்கலில்தான் பலரும் தவறுகிறார்கள். கருவிக்குத் தனி அடாப்டர் இருந்தால் மாற்றிப் பலகையின் 5 வோல்ட் முனையை இணைக்காமலே விடுங்கள். இணைத்தால் அடாப்டரின் மின்னோட்டம் மடிக்கணினியின் துறைக்குள் திரும்பிப் பாயக்கூடும். பலகையின் டிஎக்ஸ் கம்பியில் 1 கிலோஓம் தடையி ஒன்றையும் தொடராகப் போடுங்கள். அடாப்டரைக் கழற்றிய பிறகும் அந்தக் கம்பி வழியே சிப்புக்குள் மின் கசிந்து அது அரைகுறையாக விழித்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கருவியைக் கரையில் வைத்து நீண்ட யு.எஸ்.பி கேபிளால் வீட்டுக்கு இழுக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். இந்த மாற்றிப் பலகைகளின் யு.எஸ்.பி வேகத்துக்குக் கேபிளின் எல்லை 5 மீட்டர். உணரியின் கம்பியை நீட்டிக்கொள்ளுங்கள், 4.7 கிலோஓம் தடையியுடன் அது இன்னும் தூரம் தாங்கும். உப்புக்காற்றில் யு.எஸ்.பி துறைகள் விரைவில் பச்சை பூக்கும் என்பது உங்கள் ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கருவியை மூடிய பெட்டிக்குள் வைத்து, அளவீட்டை இறக்கும்போது மட்டும் திறங்கள்.

பின்னொரு நாள் விசைப்பலகையாகவோ மவுஸாகவோ நடிக்கும் கருவி செய்ய விரும்பினால் யு.எஸ்.பி உள்ளேயே அமைந்த ஏடிமெகா32யு4 சிப்பை எடுங்கள். ஆர்பி2040 சிப்பும் நல்லது. அதன் முனைகளுக்கு 3.3 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது.

எல்லாம் இணைத்த பிறகும் கணினியில் புதிய துறை தோன்றாவிட்டால் நிரலைத் தொடுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். தொலைபேசி சார்ஜ் செய்வதற்கென்றே விற்கும் கேபிள்கள் சிலவற்றில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை.