பால்புழு நோயும் வைரஸின் மரபணுவும்

கேள்வி: உடுமலைப்பேட்டைக்கு அருகே இரண்டு ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். சென்ற ஐப்பசியில், ஐந்தாம் பருவத்தில் இருந்த புழுக்கள் பளபளத்துக் கணுக்கணுவாக வீங்கி, தாங்கியின் விளிம்பில் ஓயாமல் ஊர்ந்து, தொட்டால் பால் வடித்துச் செத்தன. பக்கத்துத் தக்காளிக் காட்டில் காய்ப்புழுவைக் கொல்ல அடிக்கும் என்.பி.வி. என்ற வைரஸ் கரைசலிலிருந்து இது வந்திருக்குமா? இந்த வைரஸின் மரபணுவை ஆராய்வதால் எங்களுக்கு என்ன பயன்?
– ஒரு வாசகி

பதில்: பக்கத்துக் காட்டுக்காரர் மீது ஐயம் வேண்டாம், அம்மா. நீங்கள் சொல்வது பால்புழு நோய்; அது பட்டுப்புழுவுக்கே உரிய ஒரு வைரஸால் வருவது. அதுவும் காய்ப்புழு வைரஸும் ஒரே குடும்பம்தான் என்றாலும், காய்ப்புழு வைரஸ் பட்டுப்புழுவைத் தாக்காது. இந்தத் தடை எவ்வளவு நுட்பமானது என்பதை 1993-இல் ஜப்பானிய வைரஸ் ஆய்வாளர் சுசுமு மாயேதாவின் குழுவினர் காட்டினார்கள். குதிரைமசாலைத் தின்னும் ஓர் அமெரிக்கப் புழுவின் வைரஸ், பட்டுப்புழுவின் செல்லில் பெருகுவதில்லை; அதன் ஹெலிகேஸ் (டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்கும் புரதம்) மரபணுவில் ஒரு சிறு துண்டுக்குப் பதிலாகப் பட்டுப்புழு வைரஸின் துண்டைச் சேர்த்ததும் அது அங்கே பெருகத் தொடங்கியது.

பட்டுப்புழு வைரஸின் டி.என்.ஏ. வளையம் முழுவதும் 1999-இல் படித்து வெளியிடப்பட்டது. அதில் 1,28,413 எழுத்து இணைகளும் ஏறத்தாழ 136 மரபணுக்களும் உள்ளன. உங்கள் தாங்கியில் நீங்கள் கண்ட கோலங்கள் பலவற்றுக்கு இந்த மரபணுக்களே காரணம் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. விளிம்பில் ஓயாமல் ஊர்வதற்கு பி.டி.பி. (ptp) என்னும் மரபணு காரணமென 2005-இல் தெரியவந்தது. அதை நீக்கிய வைரஸ் தொற்றிய புழுக்கள் அவ்வாறு அலைவதில்லை. அலையும் புழு போகும் இடமெல்லாம் பாலை வடித்து, நல்ல புழு தின்னும் இலையிலும் நோயைச் சேர்த்துவிடுகிறது. தோலுரிக்கத் தூண்டும் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் மரபணு ஒன்றும் இந்த வைரஸிடம் உண்டு.

வடியும் பாலில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், பலமுகமுள்ள படிகங்கள் கூட்டமாக மின்னும். பாலிஹெட்ரின் என்ற ஒரே மரபணு தரும் புரதத்தால் ஆன அந்தப் படிகங்களுக்குள் வைரஸ் பொதிந்திருப்பதால், புழு வளர்ப்பு மனையின் தரை வெடிப்பிலும் மண்ணிலும் அது ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். புழுவின் குடலில் உள்ள காரநீர் பட்டதும் படிகம் கரைந்து வைரஸ் வெளிப்படும். நம் மனைக்கு உதவுவது இந்தச் செய்திதான்: சுண்ணாம்பும் காரமே என்பதால் அது படிகத்தைக் கரைக்கும், பிளீச்சிங் பவுடர் உள்ளிருக்கும் வைரஸை அழிக்கும். 0.3 சதவீத நீர்த்த சுண்ணாம்பும் 2 சதவீத பிளீச்சிங் பவுடரும் கலந்த கரைசலை மனைக்குப் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே.

ஐதராபாத் விஞ்ஞானிகள் வைரஸின் பல மரபணுக்களை ஒருசேரச் செயல்படவிடாமல் தடுக்கும் பட்டுப்புழுக்களை உருவாக்கி 2013-இல் வெளியிட்டார்கள். நோய் எதிர்க்கும் இனங்களைத் தேடும் பணியில் அதை ஒரு பெரிய அடியாக மதிக்கிறேன். தொற்றிய புழுவைப் பிழைக்க வைக்கும் மருந்து இல்லாததால், அடுத்த வளர்ப்பில் விடியற்காலையில் தாங்கியின் விளிம்பைத் தவறாமல் பாருங்கள். அங்கே அலையும் புழுவைத் தோல் கிழியாதபடி இடுக்கியால் எடுத்து, சுண்ணாம்புடன் ஆழக் குழியில் புதைத்துவிட்டு, இடுக்கியையும் கையையும் கழுவிய பிறகே இலை போடுங்கள்.