ஏரிக்கரையில் சைக்கிள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டொராண்டோவில் இது எனக்கு முதல் வருடம். நகரின் மேற்கே மிமிக்கோவில் அறை, கிழக்கே டவுன்டவுனில் வேலை. கோடை முழுக்க ஏரிக்கரைப் பாதையில் சைக்கிளில்தான் போய்வந்தேன். இப்போது அக்டோபர். ஏப்ரல் வரை சைக்கிளை மூலையில் சாத்து என்கிறார்கள் அறை நண்பர்கள். நீங்கள் வருடம் முழுக்க ஓட்டுவதாக எழுதியிருந்தீர்கள். நிஜமாகவே முடியுமா?

க.

அன்புள்ள க.,

முடியும். ஆனால் அந்த ஏப்ரல் கணக்கை நம்பாதீர்கள். ஏரிக்கரையில் என்னைப் படுத்துவது ஜனவரி அல்ல, மே.

ஒண்டாரியோ ஏரியின் அதிகபட்ச ஆழம் 244 மீட்டர். அவ்வளவு தண்ணீர் ஆறவும் மாதக்கணக்காகும், சூடேறவும் மாதக்கணக்காகும். குளிர்காலத்தில் அது முழுக்க உறைவது அபூர்வம். அதனால் ஜனவரியில் கரையோரம், நகரின் வடக்குப் பகுதியைவிடச் சற்று இதமாகவே இருக்கும். மே மாதம் எல்லாம் தலைகீழ். நகரின் வடக்கே ஃபிஞ்ச் பக்கம் அரைக்கைச் சட்டையில் திரிவார்கள். நிலம் சூடேறி அங்குள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்துக்கு ஏரியின் குளிர்காற்று வந்து நுழையும். ஏரிக்கரைப் பாதையில் ஹம்பர் பே வளைவுப் பாலம் ஏறும்போது பல் கிட்டும். ஜனவரியில் யாரும் ஜாக்கெட்டை மறந்து கிளம்புவதில்லை. மே மாத வெயில் மறக்கவைத்துவிடும்.

ஏரியோரம் என்றாலே பனி கொட்டித் தீர்க்கும் என்ற பயமும் வேண்டாம். அமெரிக்காவின் பஃபலோ நகரை மூடும் பனி, ஈரி ஏரியைக் கடந்து வரும் காற்று ஈரம் சுமந்துபோய்க் கொட்டுவது. நம் ஊருக்குக் காற்று பெரும்பாலும் மேற்கே நிலத்திலிருந்து வருகிறது. காலையில் உங்களை வேலைக்குத் தள்ளிக்கொண்டு போகும், மாலையில் முகத்தில் அறையும். திரும்பும் நேரத்துக்குக் கூடுதலாகக் கால் மணி ஒதுக்குங்கள்.

எச்சரிக்கை வேண்டியது கிழக்குக் காற்றுக்கு. ஏரி கிழக்கு மேற்காக 311 கிலோமீட்டர் நீளம், நாம் அதன் மேற்கு முனைக்கு அருகில். அத்தனை தூரமும் ஓடி வளர்ந்த அலை கரைக் கற்களில் மோதித் தெறிக்கும். கடுங்குளிரில் அந்தத் தெறிப்பு பாதையிலேயே கண்ணாடியாக உறைந்துவிடும். ஏரிக்கரையோரம் போகும் மார்ட்டின் குட்மன் பாதையில் பனி தள்ளும் வண்டி வருகிறதுதான், ஆனால் இந்தப் பளிங்குக்கு அது போதாது. ஆணி பதித்த டயர் இருந்தாலும் நான் அன்று பஸ் பிடித்துவிடுவேன். டிடிசி என்ற நகரப் போக்குவரத்து பஸ்களின் முகப்பிலேயே சைக்கிளை மாட்டலாம்.

குளிரைவிட சைக்கிளைத் தின்பது சாலையில் கொட்டும் உப்பு. வீடு திரும்பியதும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பழைய, விலை குறைந்த சைக்கிள் ஒன்றைக் குளிர்காலத்துக்கென்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

லைட்டை இந்த வாரமே வாங்குங்கள். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். மறுநாளிலிருந்து நீங்கள் வேலை முடித்து இறங்கும்போது இருட்டியிருக்கும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. ஒண்டாரியோவில் இது சட்டமும்கூட.