'ஃபயர்பேர்ட்' 1945: பார்ட்ஸ் என்னிடமே இருக்கிறது என்பவரை நம்பலாமா?

கேள்வி: ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி தன் 'ஃபயர்பேர்ட்' பாலே இசையிலிருந்து 1945-ல் திருத்தி அமைத்த தொகுப்பை புடாபெஸ்ட்டில் ஒலிப்பதிவு செய்யவிருக்கிறோம். "1910-ல் வந்த இசைதானே, காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. பார்ட்ஸ் (ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனித்தனி இசைத்தாள்) என்னிடமே இருக்கிறது, எல்லாம் சேர்த்து ஒரே தொகை" என்கிறார் இசைக்குழுவைப் பிடித்துத் தரும் ஏற்பாட்டாளர். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்த 'எல்லாம்' என்னென்ன என்று அவரை எழுதித் தரச் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களில் பாதிப் பேர் அதோடு போனை எடுக்க மாட்டார்கள்.

ஸ்ட்ராவின்ஸ்கி இறந்தது 1971-ல். ஐரோப்பாவில் 2041 முடியும்வரை உரிமை உண்டு; இந்தியாவில் 2031 முடியும்வரை. இசை வந்த வருடத்தை வைத்து அங்கெல்லாம் கணக்கில்லை. அமெரிக்காவில் மட்டும் உண்டு: 1910-ன் முழு ஸ்கோரும், அதிலிருந்து அவரே 1919-ல் எடுத்த தொகுப்பும் அங்கே பொதுவுடைமை. ஏற்பாட்டாளர்கள் பிடித்துத் தொங்குவது இந்த ஒரு விதிவிலக்கைத்தான். ஆனால் 1945 தொகுப்பு அதற்குள் வராது. பழைய இசைக்கு அமெரிக்காவில் தனக்குப் பணம் வராததால்தான், புதிய உரிமை வேண்டி அதைத் திருத்தினார் மனிதர். அதோடு நீங்கள் பதிவு செய்வது ஹங்கேரியில். விற்கப்போவது உலகம் முழுக்க.

பார்ட்ஸைப் பதிப்பாளரிடம், அதாவது ஷாட் நிறுவனத்திடம், வாடகைக்கு எடுங்கள். விண்ணப்பத்திலேயே 'ஒலிப்பதிவுக்கு' என்று குறிப்பிடுங்கள். கச்சேரிக்கு எடுத்த பார்ட்ஸை வைத்து மைக் போடக் கூடாது. வாடகை வேறு, விற்கும் பிரதிகளுக்கான மெக்கானிக்கல் உரிமை வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் படிவம், தனித்தனி ரசீது. அதே விவரத்தை இரண்டு முறை ஏன் எழுத வைக்கிறார்கள் என்று கேட்டுப் பயனில்லை. மூன்று மாதம் முன்னதாகவே தொடங்கிவிடுங்கள்.

பார்ட்ஸ் வந்ததும் முதல் வயலின் பார்ட்டைப் புரட்டுங்கள். 'பாண்டமைம்' என்ற தலைப்பில் மூன்று சிறு பகுதிகளும், ஒரு 'பா த தூ'வும் (இருவர் நடனம்) இருக்க வேண்டும். இல்லையென்றால் கையில் இருப்பது 1919. இலவசமாக டவுன்லோட் ஆகும் பார்ட்ஸ் பெரும்பாலும் அதுதான், பிழைகளுக்கும் பேர்போனது. 1945 தொகுப்பு அரைமணி நேரத்துக்குச் சற்றே குறைவு. மூன்று மணி நேர செஷன் குறைந்தது மூன்று போடுங்கள். இரண்டில் முடித்துத் தருகிறேன் என்பவர் ஒத்திகையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுகிறார்.

இறுதிப் பகுதியில்தான் பிரச்சினை வரும். 1919-ல் டிரம்பெட், டிராம்போன் ஸ்வரங்கள் நீண்டு இழையும். 1945-ல் அதே இடத்தில் வெட்டு வெட்டாக, நடுவே இடைவெளியோடு வரும். வாசிப்பவர்களுக்குப் பழையது கைப்பழக்கம். முதல் டேக்கில் இழுத்துவிடுவார்கள். ஸ்ட்ராவின்ஸ்கியே 1967-ல் நடத்திய பதிவை முன்கூட்டியே கேட்க வையுங்கள். கூடத்தில் எதிரொலி அதிகமென்றால் அந்த இடைவெளிகள் நிரம்பிப்போகும், திருத்தியதன் பொருளே போய்விடும். பித்தளை வாத்தியங்களுக்கு அருகில் தனி மைக் வையுங்கள். எடிட்டிங் வெட்டை அந்த இடைவெளிகளில் வைக்காதீர்கள்: முந்தைய ஸ்வரத்தின் எதிரொலி பாதியில் அறுந்து, காதில் குத்தும். எடிட்டிங்கில் இடைவெளிகளை நிரப்ப, யாரும் வாசிக்காத வெறும் கூடத்தையும் அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வெளியிடும்போது தலைப்பிலேயே '1945' என்று போடுங்கள். வெறும் 'ஃபயர்பேர்ட் தொகுப்பு' என்றால் விநியோகத் தளம் அதை 1919 என்று பதிந்துகொள்ளும். பிறகு அதைத் திருத்த நீங்கள் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.