கொலையாளி பெயர் மறந்துபோனால் என்ன?

கேள்வி: மாதத்துக்கு நான்கு மர்ம நாவலாவது படித்துவிடுகிறேன். பெரும்பாலும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்தவை. ஆனால் போன மாதம் படித்ததில் கொலை செய்தது யார் என்று கேட்டால் இன்று சொல்லத் தெரியவில்லை. ‘மறந்துபோகிற புத்தகத்தை எதற்குப் படிக்கிறாய், அந்த நேரத்தில் நல்ல இலக்கியம் படிக்கலாமே’ என்கிறார் நண்பர். நேரத்தை வீணடிக்கிறேனா?

பதில்: இல்லை. ஆனால் நண்பர் சொன்னது உங்களை உறுத்தியிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடலாம்.

முதலில் அந்த மறதி. இருபதாம் நூற்றாண்டின் பெரிய ஆங்கிலக் கவிஞர்களில் ஒருவரான டபிள்யூ. எச். ஆடன் 1948-ல் துப்பறியும் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புகையிலை, மது மாதிரி இதுவும் தன்னைப் பிடித்துக்கொண்ட பழக்கம் என்று அதில் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். கையில் ஒன்று சிக்கிவிட்டால் முடிக்கிறவரை வேலையும் ஓடாது, தூக்கமும் வராது, முடித்த கையோடு கதை மறந்துவிடும். ஆடனுக்கே அப்படியென்றால் நீங்கள் கூச்சப்பட வேண்டியதே இல்லை. உங்கள் நண்பருக்கும் ஆள் உண்டு. எட்மண்ட் வில்சன் என்கிற அமெரிக்க விமர்சகர், அகதா கிறிஸ்டி நாவல் ஒன்றில் செத்துப்போகிறவரின் பெயரைச் சொல்லி, அவரை யார் கொன்றால் யாருக்கு என்ன என்று 1945-ல் தலைப்பே வைத்து எழுதினார். அதாவது இந்தச் சண்டைக்கு எண்பது வயது, இன்னும் தீர்ப்பு வரவில்லை, நீங்களும் நண்பரும் உட்கார்ந்து தீர்த்துவிடப் போவதில்லை.

நண்பர் எங்கே தவறுகிறார் என்றால், கொலையாளியின் பெயரைத்தான் அந்த நாவலின் சாரம் என்று எண்ணிக்கொள்கிறார். ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் ‘சந்தேக நபர் எக்ஸ்’ நாவல் 2005-ல் வந்தது, அந்த நாட்டின் பெரிய பரிசான நவோகி பரிசும் பெற்றது. அதில் யார் கொன்றது, யாரைக் கொன்றது எல்லாம் தொடக்கத்திலேயே நம் கண் முன்னால் நடந்துவிடுகிறது. அப்புறமும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. பெயர்தான் எல்லாம் என்றால் அந்த நாவலை யாரும் இருபதாம் பக்கத்தைத் தாண்டிப் படித்திருக்கவே மாட்டார்கள்.

அப்படியென்றால் எதற்காகப் படிக்கிறோம்? ஒரு காட்சியை நானே சொல்கிறேன். ஒரு பெண் அறைக்குள் வருகிறாள். மேஜைமேல் பாதி குடித்த காப்பி, மடித்த செய்தித்தாள், மூக்குக்கண்ணாடி, வாடிய பூ. அடுத்த வரியில் போன் அடிக்கிறது, நம் கவனம் அதோடு ஓடிவிடுகிறது. இருநூறு பக்கம் தாண்டி, அந்த வீட்டில் யாருமே கண்ணாடி போடுவதில்லை என்று பேச்சுவாக்கில் ஒரு வரி வருகிறது. அந்த நொடி, முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்து, விரலை அந்தப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மளமளவென்று பின்னால் புரட்டிப் போய், காப்பிக்கும் பூவுக்கும் நடுவில் அது கிடப்பதைப் பார்ப்போமே, அதற்காகத்தான் படிக்கிறோம். எழுதியவர் ஒளித்து வைக்கவில்லை, நம் கண்ணெதிரேதான் வைத்திருந்தார், நாம்தான் பார்க்கவில்லை. இந்த ஏமாற்றத்தில் ஒரு மரியாதை இருக்கிறது.

சமீபத்து நாவல்கள் தடயத்தை ஒளிக்கும் இடங்களை மாற்றியிருக்கின்றன, அதனால்தான் எனக்கு இவற்றின்மேல் இத்தனை பிரியம். கில்லியன் ஃபிளின்னின் ‘கான் கேர்ள்’ நாவல் 2012-ல் கணவன் ஒரு அத்தியாயம், மனைவி ஒரு அத்தியாயம் என்று மாறி மாறிப் பேசி வெற்றி பெற்ற பிறகு, கதை சொல்கிறவரின் குரலையே சந்தேகிக்க வாசகர்கள் பழகிவிட்டார்கள். ஜானிஸ் ஹாலட் 2021-ல் எழுதிய முதல் நாவல் மின்னஞ்சல், குறுஞ்செய்தி, கடிதம் என்றே போகிறது. வர்ணிக்க ஆளில்லை, ஒருவர் அளவுக்கு மீறிக் குழைகிறாரா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறாரா என்று நாமே மோப்பம் பிடிக்க வேண்டும். இன்னொன்று, அத்தியாயத் தலைப்பில் இருக்கும் தேதி. பாதிப் பேர் அதைப் படிக்காமல் தாண்டிவிடுவார்கள் என்று எழுதுகிறவருக்குத் தெரியும். இனிமேல் தாண்டாதீர்கள்.

சரி, நண்பர் சொன்னதில் ஒரு பங்கு நியாயமும் இருக்கிறது. மோசமான திரில்லர்கள் ஏராளம். துப்பறிகிறவர் கண்ணில் பட்ட தடயத்தை உடனே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்று துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-லேயே விதி எழுதி வைத்தார். இன்றைக்குச் சிலர் ‘அந்தக் கடிதத்தைப் படித்தாள், அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது’ என்று அத்தியாயத்தை முடித்துவிட்டு, கடிதத்தில் என்ன இருந்தது என்று நூறு பக்கம் சொல்லாமல் இழுக்கிறார்கள். இது மர்மம் இல்லை, அடாவடி. கடைசி அத்தியாயத்தில் அதுவரை பேச்சே அடிபடாத ஓர் அண்ணனைக் கொண்டுவந்து நிறுத்துவதும் அப்படித்தான். பின்னட்டையில் ‘நீங்கள் எதிர்பாராத முடிவு’ என்று கொட்டை எழுத்தில் போடுவது எனக்கு அதைவிட ஆத்திரம் தரும். அதைப் பார்த்த கணத்திலிருந்து கதைக்குள் போகாமல் முடிவையே வேவு பார்த்துக்கொண்டிருப்போம். இந்த மாதிரிப் புத்தகங்களை ஐம்பதாம் பக்கத்திலேயே மூடிவிடுங்கள், எந்தப் பாவமும் இல்லை. பொழுதுபோக்குக்குத்தானே என்று எதையும் சகித்துக்கொள்வதைத்தான் நான் வீண் என்பேன்.

இலக்கியமும் படியுங்கள், ஆசை இருந்தால். மர்ம நாவல் படித்ததற்குப் பரிகாரமாக வேண்டாம், அது இலக்கியத்துக்கும் அவமானம்.

ஆடனோடு ஓர் இடத்தில் மட்டும் நான் ஒத்துப்போக மாட்டேன். ஒருமுறை படித்ததைத் திரும்பப் படிக்கத் தனக்கு விருப்பமில்லை என்கிறார். நல்ல மர்ம நாவலின் இரண்டாம் வாசிப்பு வேறு சுகம், ஒவ்வொரு வரியும் இரண்டு வேலை பார்ப்பது அப்போதுதான் தெரியும். உங்கள் மறதி இங்கே உங்களுக்கு ஒரு வசதி. போன மாதம் படித்ததில் எது ரொம்பப் பிடித்தது என்பதாவது நினைவிருக்கும், அதையே மறுபடி எடுங்கள். பாதியில் முடிவு ஞாபகம் வந்துவிட்டாலும் நிறுத்தாதீர்கள், பென்சிலோடு முதல் மூன்று அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போங்கள். தடயம் எந்த வரியில் கிடந்தது என்று எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன். கொலையாளி பெயரை மட்டும் விட்டுவிடுங்கள், இன்னும் படிக்காதவர்களும் இந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள்.